உலக்கை நின்ற வேளை

லூபோக் சீனா எஸ்டேட்,
ஆடி, 1952

அன்புள்ள அம்மாவுக்கு, செங்கமலம் வணங்கி எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே இருவரும் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

காட்டில் சண்டை நடப்பதால் எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டதிலிருந்து, கேட் மூடுவதற்குள் ஆற்றுக்கு ஓடித் தண்ணீர் எடுக்கிறோம். நான் எண்ணிப் பார்த்ததில், கொண்டுவரும் குடங்கள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகின்றன. உள்ளேயே கிணறு தோண்ட, பாறை எங்கே ஆழத்தில் இருக்கிறதென்று பார்க்க நிலத்தைச் சோதிக்கும் விஜயரட்ணம் ஐயா கருவியோடு வந்தார். பயப்படாதீர்கள், அவசரகாலச் சட்டம் இருப்பதால் வெடி வைக்கவில்லை. சம்மட்டியால் தரையில் அடிப்பார். அதிர்வைக் கருவி தாளில் கோடாக வரையும். யாரும் நடமாடக் கூடாது என்றார். நான் நடமாடவில்லை. வீட்டுக்குள் மாவிளக்குக்கு மாவு இடித்தேன்.

தாளோடு வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஆர் இடிக்கிறது? உங்கட உலக்கைதான் இதில முழுக்க நிக்குது!"

"வீட்டுக்குள்ளதானே ஐயா இடிச்சேன்?"

"மண்ணுக்குச் சுவர் தெரியுமே, பிள்ளை?"

உங்கள் மருமகன் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உலக்கையைச் சாத்தினேன். ஐயா ஒரே இடத்தில் மறுபடி மறுபடி அடித்து, தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வெயிலில் பிடித்தார். காற்றும் லாரியும் போடும் கோடு தாளுக்குத் தாள் மாறுமாம். மாறாமல் வருவதுதான் பாறையாம். நாமம் சொல்லச் சொல்ல மனத்தின் இரைச்சல் கழிவதுபோல் எனக்குப் பட்டது. கோயிலுக்குப் பின்னால் பாறை நல்ல ஆழம், தண்ணீர் தங்கும் என்கிறார். நாளை அங்கே தோண்டுகிறார்கள்.

நம் கோயில் விபூதி கொஞ்சம் அனுப்புங்கள். ஆடு கத்துவது, அதை நீங்கள் திட்டுவது எல்லாம் எழுதுங்கள். அந்த இரைச்சலில் ஒன்றையும் கழித்துவிடாதீர்கள். எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி தபால் பையைக் கட்டுகிறார்.

உங்கள் மகள்,
செங்கமலம்