கழிவுக் குழாயை மூடியவள் நான்தான், அண்ணி

என் அருமை அண்ணிக்கு,

நேற்று மத்தியானம் மூன்று மணிக்கு உங்கள் உப்பு நீக்கும் மிசினிலிருந்து நல்ல தண்ணீர் வந்துவிட்டது. முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் உயிரோடு இருந்தால் ஓடிவந்து சொல்லியிருக்க மாட்டேன். உங்களைப் பாராட்ட எனக்கு வாய் வராது என்பது உங்களுக்குத் தெரியாதா என்ன? இப்போது நீங்கள் பதில் பேச முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் மிசின் ரூம் சாவியை என் கையில் வைத்து, "பாத்துக்க லெட்சுமி" என்றீர்கள். சொல்லிக்கொடுக்க உங்களுக்கு நாள் இல்லை, கேட்டுக்கொள்ள எனக்கும் தோன்றவில்லை. நீங்கள் செண்டாயான் தொழிற்சாலையில் தண்ணீர் சுத்தம் செய்யும் பிரிவிலேயே தலை நரைத்தவர். நான் செம்பனை மரத்துக்கு உரம் போட்டவள். ஆனாலும் ஒரு சுவிட்சைத் தட்டுவதற்குப் பெரிய படிப்பு வேண்டுமா என்று நினைத்தேன். அந்தக் கர்வம் எங்கள் குடும்பத்துச் சொத்து. உங்கள் வீட்டுக்காரரிடமும் கொஞ்சம் பார்த்திருப்பீர்கள்.

என்ன செய்தேன் தெரியுமா? சாவி வாங்கிய முதல் வாரமே மிசினுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். இரண்டு குழாய் வெளியே வருகிறது. ஒன்றில் நீலச் சாயத்தில் 'நல்ல தண்ணீர்' என்று எழுதியிருந்தீர்கள், மற்றதில் 'கழிவு'. அந்தக் கழிவுக் குழாயில் தண்ணீர் கொட்டு கொட்டென்று கொட்டி நேராக லோங்கானில் ஓடியது. தோட்டத்து லயத்துக் குழாயடியில் வாளியை வரிசையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனவள் நான். தண்ணீர் சாக்கடையில் போவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

வால்வைத் திருகி முக்கால்வாசி மூடினேன். உடனே நல்ல தண்ணீர்க் குழாயில் கூடுதலாக வந்தது. இத்தனை வருஷம் தொழிற்சாலையில் இருந்தும் அண்ணிக்கு இது தெரியவில்லையே என்று எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வருஷம் ஓடட்டும், அப்புறம் சொல்லிப் பேர் வாங்கலாம் என்று இருந்தேன்.

ஒரு வருஷம் எங்கே ஓடியது? ஐந்தாறு மாதத்தில் தண்ணீர் நூலாக இளைத்தது. வாயில் வைத்தால் பழையபடி உப்புக் கரித்தது. கடல் பக்கம் என்பதால் நம் குழாய்க் கிணற்றில் உப்பு, மேட்டு லயத்துக்கு வெளியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரும் ஒழுங்காக ஏறாது. அதற்காகத்தானே நீங்கள் அலைந்து திரிந்து இந்த மிசினைக் கொண்டுவந்தீர்கள்? நாற்பது வீட்டுச் சனமும் மறுபடி கேனைத் தூக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் டவுனுக்குப் போக ஆரம்பித்தது.

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். குடியிருப்புத் தலைவர் மணியம் எழுந்து, "பழைய மிசின்தானே லா. பேக்டரில கழிச்சுப் போட்டத அந்தம்மா தூக்கிட்டு வந்து மாட்டுனாங்க. எத்தன நாளைக்கு ஓடும்? சனிக்கெழம இரும்பு லோரி வருது, ஏத்தி வுட்ருவோம்" என்றார். ஆமாம் என்று பத்துப் பேர் தலையாட்டினார்கள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செத்துப்போன பெண்டாட்டியைப் பற்றி ஊர் பேசும்போது மனிதர் என்ன சொல்வார்? எதற்கெடுத்தாலும் வாய் திறக்கிற நானும் அன்று திறக்கவில்லை. மிசின் பழசுதானே என்று எனக்கும் சந்தேகம்.

புதன்கிழமை, ரூமில் இருக்கும் உங்கள் சாமான்களை எடுத்துவைக்கப் போனேன். உங்கள் நீள நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். ஒவ்வொரு நாளும் தண்ணீர் உள்ளே போகும் அழுத்தம், நல்ல தண்ணீரின் அளவு, கழிவின் அளவு, உப்பு மீட்டர் காட்டும் எண். மூன்று வருஷமும் உங்கள் எண்கள் ஒரே மாதிரி நிற்கின்றன. என் கையெழுத்து தொடங்கிய பிறகு அழுத்தம் படிப்படியாக ஏறுகிறது. கழிவுக் கட்டத்தை நான் நிரப்பவே இல்லை. கழிவைப் போய் யார் அளப்பார்கள் என்று விட்டுவிட்டேன். என் தப்பு அந்த வெற்றுக் கட்டங்களில்தான் இருக்கிறதோ என்று அப்போதுதான் பட்டது.

உங்களோடு தொழிற்சாலையில் வேலை பார்த்த, தெமியாங்கில் இருக்கும் பாத்திமாவுக்குப் போன் போட்டு வால்வைப் பற்றிச் சொன்னேன். "அல்லாவே, அத போயா மூடுனீங்க?" என்றார். மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த நீளக் குழாய்க்குள் பாய் மாதிரிச் சுருட்டிய மெல்லிய சவ்வு இருக்கிறதாம். பம்பு அழுத்தித் தள்ளும்போது தண்ணீர் சவ்வைத் தாண்டிவிடும், உப்பு இந்தப் பக்கமே நின்றுவிடும். "நின்ன உப்பு வெளிய போவ வழி வேணும்ல? அத செமந்துட்டுப் போறதுதான் அந்தத் தண்ணி. அது வீணாப் போவல லா, வேல செய்யுது. நீங்க வாசல அடைச்சிட்டீங்க" என்றார் பாத்திமா. கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அப்படிச் சவ்வு முழுக்கப் படிந்து கிடந்திருக்கிறது. அழுத்தம் ஏறாமல் என்ன செய்யும்?

வெள்ளிக்கிழமை காலையில் கையுறை போட்டுக்கொண்டு இறங்கினோம். சிட்ரிக் ஆசிட்டைத் தொட்டித் தண்ணீரில் கரைத்து, சின்னப் பம்பால் சவ்வு வழியாகச் சுற்றவிட்டோம். பிறகு நிறுத்தி ஊறவைத்தோம், மறுபடி சுற்றவிட்டோம். வெளியே வந்த தண்ணீர் அரிசி கழுவியது போலக் கலங்கி இருந்தது. அதைப் பார்த்துப் பாத்திமா கை தட்டினார். முன்னால் இருக்கும் மணல் வடிகட்டியில் தண்ணீரைத் தலைகீழாக விட்டு அலசினோம். பஞ்சு வடிகட்டி காப்பி நிறத்தில் இருந்தது, அதை மாற்றினோம். சனிக்கிழமை காலையில் இரண்டாவது தடவை ஆசிட். மத்தியானம் நல்ல தண்ணீரால் அலசிக்கொண்டிருக்கும்போதே லோரிச் சத்தம் கேட்டது.

தலைவரும் ஆட்களும் வந்தார்கள். அண்ணனும் பின்னால் வந்தார். நான் வாசலில் குறுக்கே நின்றேன். "மிசின் மேல தப்பு இல்ல, அண்ணி மேலயும் தப்பு இல்ல. கழிவுக் கொழாய மூடுனது நான்தான். நாசம் பண்ணுனதும் நான்தான்" என்றேன்.

"ஏம்மா கூட்டத்துல சொல்லல?" என்றார் தலைவர்.

"அப்ப எனக்கே தெரியாதுங்க. இப்ப தெரிஞ்சு சொல்றேன். கொஞ்ச நேரம் இருந்து பாத்துட்டு ஏத்துங்க."

கழிவு வால்வைப் பாத்திமா சொன்ன அளவுக்குத் திறந்து சுவிட்சைத் தட்டினேன். முதலில் வந்ததைக் கீழே விட்டோம். அழுத்த மீட்டரின் முள் உங்கள் காலத்துப் பழைய இடத்தில் வந்து நின்றது. நல்ல தண்ணீர் கை மொத்தத்துக்குக் கொட்டியது. உப்பு மீட்டரை முக்கினேன். உங்கள் கடைசிப் பக்கத்து எண்ணைவிட இரண்டுதான் கூட. தலைவர் ஒரு டம்ளர் குடித்தார், வாயைத் துடைத்துக்கொண்டு லோரிக்காரரைப் போகச் சொன்னார். லோரிக்காரர் சும்மா போகவில்லை, தன் பாட்டிலை நிரப்பிக்கொண்டு போனார். பெண்கள் கேனோடு வந்து வரிசை கட்டினார்கள். அந்தக் கூச்சலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

அந்தக் கழிவு என்ற சொல்லைச் சாயம் பூசி அழித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தொழிற்சாலையில் அது சரியாக இருக்கலாம், குழாயடியில் வளர்ந்த சனத்துக்கு அது ஆகாது. 'உப்பு போகும் வழி, மூடாதே' என்று பெரிதாக எழுதிவைத்திருக்கிறேன். அந்தத் தண்ணீரையும் தொட்டியில் பிடித்து மண்டபத்துக் கழிப்பறைக்கு விடப்போகிறோம். என் வயிற்றெரிச்சலும் தீர வேண்டுமல்லவா?

அண்ணன் எல்லாரும் போன பிறகு வந்தார். இரண்டு டம்ளர் குடித்தார். "ஆறு நாளா ஒன் அண்ணி ஊரு வாயில கெடந்தா. இன்னிக்கு நீ எறக்கி வுட்ட" என்றார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் அழுதிருக்க மாட்டேன்.

முப்பது வருஷத்தில் உங்களிடம் ஒரு தடவைகூட 'என் தப்பு' என்று சொன்னதில்லை. சாம்பாரில் உப்பு கூடினாலும் உங்கள் நாக்கின் மேல்தான் பழி போட்டேன். ஊர் முன்னால் நேற்றுச் சொல்லிவிட்டேன், உங்களிடம் இப்போது சொல்கிறேன். தப்பு என்னுடையது, அண்ணி. இனி அந்த மிசினை யார் குறை சொன்னாலும் முதலில் என் பேரைச் சொல்வேன், அப்புறம் உங்கள் பேரைச் சொல்லித் தண்ணீர் கொடுப்பேன். நான் இருக்கும்வரை இதில் மாற்றம் இல்லை.

உங்களிடம் தோற்று, அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியும்
உங்கள் நாத்தனார்,
லெட்சுமி