விறைத்த அம்மா

மார்ச் 4
லூண்ட் நகர ஸ்வீடிஷ் அகராதி அலுவலகத்தில் இன்று மறுபடி வேலைக்குப் போனேன். என் கணவர் டோர்கெல் இறந்து பத்தொன்பது நாள். என் மேசையில் காத்திருந்த சொல்: 'ஸ்டீவ்மூர்'. மாற்றாந்தாய். வேறு சொல்லே கிடைக்கவில்லையா இவர்களுக்கு!

மார்ச் 6
டோர்கெலின் அக்கா மைலிஸ் வந்தாள். நான் சுட்ட ரொட்டியைத் தின்றுகொண்டே சொல்கிறாள்: "யில்வாவ ஈஸ்டாடுக்கு, என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், டீசா. என் தம்பி பொண்ணு. என்ன இருந்தாலும் நீ ஸ்டீவ்மூர்தானே."

என்ன இருந்தாலும்! யில்வாவுக்கு நான்கு வயதில் தாய் இறந்தாள். ஐந்தில் நான் வந்தேன். பத்து வருடம். காதுவலி, பேன், கணக்குப் பாடம் — அப்போதெல்லாம் எங்கே இருந்தாள் இந்த அத்தை?

கோப்பையில் காப்பி ஊற்றினேன். அவள் தலையில் ஊற்றியிருக்க வேண்டும்.

மார்ச் 9
'ஸ்டீவ்' என்றால் விறைப்பு. அதனால் 'விறைத்த அம்மா' என்றே ஊர் நினைக்கிறது. சுத்தப் பொய். ஒலி மட்டும்தான் ஒன்று. அதே முன்னொட்டு ஆங்கிலேயனுக்கு 'ஸ்டெப்', படியாகக் கேட்கிறது; டேனிஷ்காரனுக்கு 'ஸ்டெட்', இடமாக. பழைய ஜெர்மனில்தான் வேர் தெரிகிறது: பெற்றவரையோ பிள்ளையையோ பறிகொடுக்கச் செய்வது. முதலில் பிள்ளைக்குத்தான் அந்தப் பெயர். பறிகொடுத்த பிள்ளை. அதற்கு அம்மாவாக வந்தவளுக்கும் பிறகு ஒட்டிக்கொண்டது.

மார்ச் 13
சமூகநல அலுவலகப் பெண் யில்வாவைத் தனியே அழைத்து, யாரிடம் இருக்க விருப்பம் என்று கேட்டாளாம். "அத்தைகிட்ட" என்றிருக்கிறாள்.

கத்தினேன். வாய்க்கு வந்ததெல்லாம். அந்தச் சொல்லின் கதையையும் சேர்த்துக் கத்தினேன் — "பறிகொடுத்தவன்னு அர்த்தம்டி! பறிகொடுத்தது நான்!"

"நீயா? முதல்ல பிள்ளைக்கு வெச்ச பேருன்னு இப்பதான சொன்ன? எனக்கு அம்மாவும் இல்ல, அப்பாவும் இல்ல. அது என் சொல்லு, டீசா. அதையும் புடுங்கிக்காத! இந்த வீட்டுல எங்க பாத்தாலும் அப்பாதான் தெரியறாரு, மூச்சு முட்டுது எனக்கு!"

கதவை அறைந்தாள்.

மார்ச் 14
அவள் சொன்னது சரி. அதனால்தான் இன்னும் எரிகிறது.

மார்ச் 30
போய்விட்டாள். மைலிஸ் காரைவிட்டு இறங்கக்கூட இல்லை. திமிர்.

ஏப்ரல் 19, வெள்ளி
யில்வா ரயிலில் வந்தாள். பை நிறைய அழுக்குத் துணி.

"அங்க மெஷின் சரியாவே துவைக்க மாட்டேங்குது."

மைலிஸ் வீட்டு மெஷின் ஜனவரியில் வாங்கியது. நானும் டோர்கெலும் கூடப் போய்த் தேர்ந்தெடுத்தது. துணியை எடுத்து எங்கள் மெஷினில் போட்டேன். காய்வதற்கு ஞாயிறு ஆகிவிடும் என்றேன்.

"பரவால்ல" என்றாள்.