அம்மா சொன்ன ஓம்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து மழை. கொடியில் போட்ட துணி போட்டபடி. பார்மசியில் பகல் முழுக்க நின்றதில் கால் வலி. தொண்டை பரவாயில்லை.

ஜென்னியிடமிருந்து போன். ஆங்கில டிவியில் வரும் சனிக்கிழமைப் பல்சுவை நிகழ்ச்சியின் தயாரிப்பாளர். மறுபடி வந்து பாட வேண்டுமாம். சந்தோஷம் ஒரு நிமிஷம்தான். "அம்மாவைக் கட்டாயம் கூட்டி வா. எல்லோரும் அவரைத்தான் கேட்கிறார்கள்."

எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் உள்ளுக்குள்ளேயே கிடந்து புளிக்கும். போன மாதம், முதல் தடவை. நான் பாடி முடித்ததும் தொகுப்பாளர் முன்வரிசையில் இருந்த அம்மாவிடம் மைக்கை நீட்டி, "மகளை நினைத்தால் பெருமையா?" என்று கேட்டார். அம்மா தலையாட்டி, கொஞ்சம் இழுத்து, "ஓம்" என்றார். மனிதர் உடனே கண்ணை மூடிக் கைகூப்பி "ஓம்ம்ம்" என்று தொடங்க, அரங்கமே சேர்ந்து இழுத்தது. அம்மா தியானம் செய்கிறாராம். ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகிற மனுஷி.

அம்மாவுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். ஆனால் மனதிலிருந்து வரும்போது ஓம்தான் வரும். எங்கள் ஊரில் 'ஆமாம்' என்பதற்கு அதுதான் சொல் என்று அங்கேயே விளக்கியிருக்கலாம். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தத் துண்டு வீடியோ உலகமெல்லாம் சுற்றியது. பாட்டை ஒருவரும் போடவில்லை.

உறுத்துவது வேறு. சோல் என்கிற உருக்கமான அமெரிக்கப் பாட்டுவகையைப் பாடத் தொடங்கி எத்தனையோ வருஷம். "இது பாட்டோ, ஒப்பாரியோ?" என்பதைத் தவிர அம்மா ஒன்றும் சொன்னதில்லை. அந்த ஓம்தான் முதல் நல்ல சொல். அதைத்தான் சிரித்தே தீர்த்தார்கள்.

மார்ச் 5, வியாழன்

வெயில். பென்டில் ஹில் தமிழ்க்கடை. முருங்கைக்காய், இடியப்ப மா, நல்லெண்ணெய்.

காசு வாங்குகிற தம்பி என்னைக் கண்டதும் கைகூப்பினான். "ஓம்ம்ம். அக்கா, உங்கட அம்மா திரும்ப எப்ப ரீவீல வருவா?"

முறைத்தேன்.

"பகிடிதானேக்கா."

அவனுக்கு வேடிக்கைதான். கறிவேப்பிலை வாங்க மறந்து வந்துவிட்டேன்.

அம்மாவிடம் வர வேண்டாம் என்றேன். "கூப்பிட்டாப் போகத்தானே வேணும். என்ர நாவல் நிறச் சீலை எங்க கிடக்கு?"

மார்ச் 7, சனி

இரண்டாம் தடவை. ஒலிச்சோதனை நன்று. கிட்டார்க்காரருக்குத் தடிமன், ஒரே தும்மல். மேடையில் ஒரு பெரிய வெண்கலத் தட்டு தொங்கியது, பக்கத்தில் கோலோடு ஒருவர். எதற்கென்று யாரும் சொல்லவில்லை.

தொகுப்பாளர் நேரே அம்மாவிடம் போய், "ஸ்டூடியோ பிடித்திருக்கிறதா?" அம்மா மறந்துபோய் ஓம் என்றுவிட்டார். டொங் என்று தட்டில் ஓர் அடி. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பின் மேல் நான் மெதுவான பாட்டை எடுக்க வேண்டும். முதல் வரியிலேயே பின்னாலிருந்து ஒருத்தன் "ஓம்ம்". குரல் உள்ளுக்குப் போய்விட்டது. பாதியில் வெட்டி விளம்பரம் போட்டார்கள்.

காரில் வீடு திரும்பினோம். லிட்கம் தாண்டும்போது அம்மா: "பின்னுக்கு இருந்ததுகள் கடைசிமட்டும் சிரிச்சதுகள், என்ன?"

"ஓம்" என்றேன். 

மார்ச் 10, செவ்வாய்

புழுக்கம். மதியச் சாப்பாட்டு நேரம் ஜென்னியிடமிருந்து நாலு தவறிய அழைப்பு. வீட்டுக்கு வந்து பேசினேன்.

வருகிற சனி, இந்தச் சுற்றின் கடைசி நிகழ்ச்சி. என் சொந்தப் பாட்டு, முழுதாக, வெட்ட மாட்டார்கள். அப்பா இறந்த பிறகு அவரை நினைத்து எழுதியது. எத்தனை பேரிடம் கெஞ்சியிருப்பேன் இதற்கு. ஆனால் முதலில் அம்மாவின் ஓம். அது இல்லாவிட்டால் வேறு பாடகர் இருக்கிறாராம்.

ஓம் என்றால் ஆமாம், அவ்வளவுதான் என்று கடைசியில் சொல்லிவிட்டேன். ஜென்னி கொஞ்சம் யோசித்தார். "அதைச் சொன்னால் ஜோக் செத்துப்போகும், டார்லிங்."

நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்தேன். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அம்மா குசினியிலிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். வெங்காயம் வெட்டுவதை நிறுத்தாமல், "நான் வாறன் எண்டு சொல்லு" என்றார்.

மார்ச் 14, சனி

முடிந்தது. 

அதே முன்வரிசை. அதே நாவல் நிறச் சீலை. தட்டுக்காரர் கோலை ஓங்கி வைத்திருந்தார். சனம் முன்கூட்டியே கைகூப்பித் தயார். தொகுப்பாளர் முதல் தடவை கேட்டதையே திரும்பக் கேட்டார்: "மகளை நினைத்தால் பெருமையா?"

அம்மா நிமிர்ந்து பார்த்தார். "நோ."

கந்தோர் நேரம் முடிந்தது என்று சனத்துக்குச் சொல்கிற குரல். கூப்பிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. மனிதர் "நோவா?" என்று இளிக்கப் பார்த்தார். அம்மா இன்னொரு தடவை, "நோ." தொகுப்பாளர் அவசரமாக என் பக்கம் கையைக் காட்டினார்.

எனக்கு முகம் எரிந்தது. இத்தனை பேருக்கு முன்னால். ஆனால் கீபோர்ட் தொடங்கிவிட்டது. பாடினேன். ஒரு சிரிப்பில்லை, ஓர் இருமல் இல்லை. எல்லோரும் பாவம் பார்த்தபடி என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். வந்த அழுகையை எல்லாம் பாட்டுக்குள் போட்டேன். முழுப் பாட்டு. 

காரில் ஏறியதும் கேட்டேன். "ஏனம்மா நோ எண்டனீங்கள்?"

"ஓம் எண்டாச் சிரிக்குங்கள். சிரிச்சுக்கொண்டிருக்கிற சனத்துக்கு அப்பான்ர பாட்டை எப்பிடிப் பாடுவாய்?"

சாவியைத் திருப்பினேன்.

"எனக்கு மனம் விட்டுப்போச்சம்மா."

"எனக்கு மட்டும் என்ன, சுகமாயோ சொன்னனான்? கண்ணைத் துடைச்சுப்போட்டு ரோட்டைப் பாத்துக் கார் ஓடு."