சரி, புரியல, இன்னொரு தடவை

ஜூன் 12, வியாழன்

இன்றும் நாலாவது பீரியடில் குரல் போய்விட்டது. "மைனஸ்" என்று ஆரம்பித்தேன், வெறும் காற்றுதான் வந்தது. பிள்ளைகள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. முன் பெஞ்சில் ஒருத்தி எழுந்து வந்து தன் தண்ணீர் பாட்டிலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

மாலையில் தொண்டை டாக்டர். குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறதாம். "பேச்சைப் பாதியா குறைங்க. இல்லேன்னா ஆபரேஷன்தான். அதுக்கப்புறம் இதே குரல் வரும்னு என்னால சொல்ல முடியாது," என்றார். கணக்கு டீச்சரிடம் பேச்சைக் குறை என்கிறார். வேறு எதால் பாடம் நடத்துவது, புருவத்தாலா?

வீட்டில் இவரிடம் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு வெந்நீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

ஜூன் 13, வெள்ளி

ஹெச்.எம். கூப்பிட்டுவிட்டார். கரிசனத்தோடுதான் பேசினார். அதுதான் பயமாக இருந்தது.

"பரீட்சைப் பிரிவுல ஒரு இடம் காலியா இருக்கு டீச்சர். பேசவே வேண்டாம். மார்க் ஏத்தினா போதும்."

நாற்காலியையும் காட்டினார். சுழலும் நாற்காலி, அடியில் உருளைகள், முதுகுக்கு மெத்தை. உட்கார்ந்து பார்த்தேன். நல்ல நாற்காலிதான். எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இன்னொரு வழியும் சொன்னார். டிஜிட்டல், கலப்புக் கற்றல் என்று ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி. பாடத்தை வீடியோவாக எடுத்துவிட்டால் பிள்ளைகள் வீட்டில் பார்த்துவிட்டு வருவார்கள். வகுப்பில் கணக்கு மட்டும் போடலாம். கத்த வேண்டியதில்லை. ஆனால் தேற வேண்டும். கடைசியில் என் வகுப்பிலேயே ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். தேறாவிட்டால் அரையாண்டுக்குப் பிறகு அந்த நாற்காலி.

பெயர் கொடுத்துவிட்டேன். போனில் படம் அனுப்பவே இவரைக் கேட்கிறவள் நான்.

ஜூன் 23, திங்கள்

முதல் வகுப்பு, கம்ப்யூட்டர் வழியாக. கட்டம் கட்டமாக முகங்கள். எல்லாரும் ஆசிரியர்கள், அதனால் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினோம். வேறொரு பள்ளியின் அறிவியல் சார் ஒருவர் மட்டும் கையை ஆட்டி ஆட்டி வெகுநேரம் எதையோ விளக்கினார். சத்தமே வரவில்லை. மியூட்டில் இருந்திருக்கிறார். இனி அவர் மியூட் சார்.

பயிற்சி நடத்துகிற பெண்ணுக்கு வயது என்னில் பாதி இருக்கும். நிதானமானவள். "தெரியலைன்னா உடனே சொல்லுங்க மேடம்," என்றாள். தெரியவில்லை என்று சொல்லிச் சொல்லியே எனக்குப் பொழுது போனது.

ஜூலை 9, புதன்

பாஸ்வேர்டை மறந்தேன். புதிதாக ஒன்று வைத்தேன். அதையும் மறந்தேன்.

ஜூலை 21, திங்கள்

பள்ளி விட்ட பிறகு காலி வகுப்பறையில் முதல் வீடியோ எடுத்தேன். குட்டி மைக்கைப் புடவையில் குத்திக்கொண்டால் முணுமுணுத்தாலே போதும். தொண்டைக்கு அத்தனை சுகம். தைரியமாக அனுப்பிவிட்டேன்.

மாலை வகுப்பில் அதை எல்லாருக்கும் போட்டுக் காட்டினார்கள். போர்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். திரும்பாமலே சொல்கிறேன்: "கடைசி பெஞ்ச், அங்க என்ன பேச்சு?" கடைசி பெஞ்சில் யார் இருந்தார்கள்? ஒரு துடைப்பம் இருந்தது.

அதோடு விட்டேனா? "புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு நிற்கிறேன். வெறும் பெஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். பிறகு, "சரி, புரியல. இன்னொரு தடவை," என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். பெஞ்சுகளின் முகத்தில் என்னத்தைக் கண்டேனோ.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பயிற்சிக்காரப் பெண்ணும் வாயைப் பொத்திக்கொண்டாள். "இதையெல்லாம் வெட்டிடுங்க மேடம். வீடியோல சும்மா நிக்கிற இடம் வந்தா பிள்ளைங்க ஓடிருவாங்க."

எனக்கு மானம் போயிற்று. மியூட் சார் தனியாகப் போன் பண்ணினார். "விடுங்க டீச்சர், நீங்க பெஞ்சுகிட்டயாவது பேசினீங்க. நான் அன்னைக்கு யார்கிட்ட பேசினேன்?"

ஆகஸ்ட் 6, புதன்

அதே நோய். ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டு நிற்கிறேன். எதிரே முகம் இல்லையென்றால் அடுத்த வரி எனக்கு வர மாட்டேன் என்கிறது. இத்தனை வருஷமாக நான் கணக்கைச் சொல்லித்தந்தேனா, அந்த முகங்களைப் பார்த்து அடுத்த வரியைக் கண்டுபிடித்தேனா? நாற்காலி ஞாபகம் வருகிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நல்ல நாள். எழுதியே ஆக வேண்டும்.

நடத்திக் காட்ட வேண்டிய பாடம், மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் என்பது. வருஷா வருஷம் யாராவது கேட்பார்கள். வருஷா வருஷம் நானும் எதையாவது சொல்லிச் சமாளிப்பேன், அவர்களும் பாவம் பார்த்துத் தலையாட்டுவார்கள்.

இன்று டம்ளரில் தண்ணீர் ஊற்றுவதை வீடியோ எடுத்து, அதை வெட்டிப் பழகும்போது ஏதோ ஒரு பொத்தானை அமுக்கிவிட்டேன். படம் பின்னாலிருந்து ஓடியது. டம்ளரிலிருந்து தண்ணீர் ஜாடிக்கு ஏறிப் போகிறது. சட்டென்று தோன்றியது. கடையிலிருந்து இவரை வரவழைத்தேன். தையல் மெஷின் ரிப்பேர் கடை, தெருமுனையில்தான்.

"என்னங்க, அந்தச் சுவர்லேர்ந்து பின்னாடியே நடந்து வாங்க."

"எதுக்கு?"

"கணக்குக்கு."

மனுஷன் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. பின்னாடியே நடந்தார். வழியில் ஸ்டூலில் இடித்துக்கொண்டார். எடுத்த படத்தைப் பின்னாலிருந்து ஓட்டினேன். இவர் ஜோராக முன்னால் நடந்து போகிறார். பின்னால் நடப்பது ஒரு மைனஸ். படத்தைப் பின்னால் ஓட்டுவது இன்னொரு மைனஸ். இரண்டும் சேர்ந்தால் மனுஷன் முன்னேறிவிடுகிறார்.

"நான் முன்னேறி இன்னைக்குத்தான் பாக்கிறேன்," என்றார் இவர். சிரித்ததில் தொண்டை வலித்தது. பரவாயில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வெள்ளி மாலை காலி வகுப்பறையில் எடுத்த பாடத்தை இன்று முடித்தேன். நின்ற இடம், துடைப்பத்தை மறுபடியும் அதட்டிய இடம், "இன்னொரு தடவை" எல்லாவற்றையும் வெட்டினேன். போட்டுப் பார்த்தால் பஸ் நிலைய அறிவிப்பு மாதிரி இருக்கிறது. ஆனால் சுத்தமாக இருக்கிறது. அனுப்பிவிட்டேன். பிள்ளைகளுக்கும் போய்விட்டது.

ஆகஸ்ட் 27, புதன்

தலையில் இடி. நான் அனுப்பியது வெட்டாததை. ஒன்றுக்கு "பாடம் கடைசி" என்றும் இன்னொன்றுக்கு "பாடம் கடைசி கடைசி" என்றும் பெயர் வைத்தால் வேறென்ன நடக்கும்? மாற்றவும் முடியாதாம், பூட்டிவிட்டார்கள். துடைப்பத்தை அதட்டியது முதற்கொண்டு எல்லாம் அதில் இருக்கிறது. பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். நாளைக்குப் பயிற்சிக்காரப் பெண் மார்க் போட என் வகுப்பில் வந்து உட்காரப் போகிறாள்.

போச்சு. எல்லாம் போச்சு. யார் மேல கோவப்படறது, நானே வச்ச பேரு.

ஆகஸ்ட் 28, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

வகுப்புக்குள் நுழைந்ததும் கடைசி பெஞ்ச் பையன் எழுந்தான். "டீச்சர், வீடியோல நீங்க என்ன பேச்சுன்னு கேட்டப்போ நான் நிஜமாவே தங்கச்சிகிட்ட பேசிட்டிருந்தேன். போனை கீழ போட்டுட்டேன்." வகுப்பே சிரித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த பயிற்சிக்காரப் பெண் எதையோ குறித்துக்கொண்டாள். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

கணக்கைக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல, "புரிஞ்சுதா?" என்று கேட்டேன். எப்போதும் "புரிஞ்சுது டீச்சர்" என்று கூட்டமாக ஒரு ராகம் வரும். இன்று வரவில்லை. தண்ணீர் பாட்டில் வைத்த பெண் என்னைப் பார்த்து, என் குரலிலேயே சொன்னாள்: "சரி, புரியல. இன்னொரு தடவை."

அடுத்த பெஞ்சிலிருந்தும் ஒருத்தன் சொன்னான். அதற்கடுத்த பெஞ்சிலும். புரியவில்லை என்று இவ்வளவு பேர் இவ்வளவு சுலபமாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. பாடம் வீடியோவிலேயே முடிந்திருந்ததால் எனக்கும் அவசரம் இல்லை. ஒவ்வொருவர் பக்கத்திலும் குனிந்து மெதுவாகச் சொன்னேன். பெஞ்சுகளுக்கு நடுவே ஒருத்தனைப் பின்னால் நடக்கவிட்டேன். மணி அடித்தபோது குரல் அப்படியே இருந்தது.

பயிற்சிக்காரப் பெண் வெளியே வந்து லேப்டாப்பில் ஒரு கோட்டுப்படத்தைக் காட்டினாள். யார் எதுவரை பார்த்தார்கள் என்பது அதில் தெரியுமாம். "பொதுவா பாதியில போயிடுவாங்க மேடம். உங்களோடதுல நீங்க சும்மா நிக்கிற இடத்துல யாரும் போகலை. நிறுத்தி, பின்னாடி போய், திரும்பப் பார்த்திருக்காங்க." லேப்டாப்பை மூடினாள். "வெட்டச் சொன்னது என் தப்பு."

"வெட்டினேன்மா. தப்பானதை அனுப்பிட்டேன்," என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

அப்பாடா.

செப்டம்பர் 15, திங்கள்

தேறிவிட்டேன். மியூட் சாரும் தேறிவிட்டார். சொல்லப் போன் பண்ணினார், முதல் கொஞ்ச நேரம் சத்தம் வரவில்லை.

டாக்டர் பார்த்துவிட்டு முடிச்சு சுருங்கியிருக்கிறது என்றார். இப்போதைக்கு ஆபரேஷன் பேச்சு இல்லை. வெளியே வந்து இவரிடம் வாய் திறந்து சொன்னேன். எழுதிக் காட்டவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

ஒவ்வொரு பெஞ்சாகக் குனிந்து குனிந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. ஹெச்.எம்.மிடம் போய், பரீட்சைப் பிரிவு நாற்காலி இன்னும் காலியாகத்தானே இருக்கிறது என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. "என்ன டீச்சர், இப்பப் போயி?"

"நான் அங்க போகலை. அது என் வகுப்புக்கு வரட்டும்."

முதல் பீரியடுக்கே வந்துவிட்டது. ஒரு உருளை கிறீச்சிடுகிறது. இவர் நாளைக்குக் கடையிலிருந்து எண்ணெய் கொண்டுவருகிறேன் என்கிறார். முன் பெஞ்சிலிருந்து ஒவ்வொன்றாக உருண்டுகொண்டே போனேன். கடைசி பெஞ்சில் தலைகளெல்லாம் ஒன்றாகக் கவிழ்ந்து குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தன.

"இங்க என்ன பேச்சு?"

"கணக்குதான் டீச்சர்."

எட்டிப் பார்த்தேன். நிஜமாகவே கணக்குதான்.