சரணத்துக்கு முன்னால்

ஜூலை 12, ஞாயிறு.

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. என் வானொலி நிகழ்ச்சியில் இன்று போட்டது, இலஞ்சி சரசக்கா இளம்வயதில் சினிமாவுக்குப் பாடிய ஒரே பாட்டு. படம் வெளிவரவே இல்லை. இசைத்தட்டைத் தேடிப் பிடிக்க எனக்கு மூன்று வருடம் ஆனது. வீட்டாரோடு உட்கார்ந்து கேட்கும்படி அக்காவிடம் சொல்லியிருந்தேன்.

பல்லவி முடிந்ததும் மேலாளர் பாட்டை நிறுத்தி, ஐந்தருவியில் குளிக்கத் தடை நீங்கியது என்று அறிவித்தார். அடுத்து அல்வாக்கடை விளம்பரம்.

"சார், பாட்டு முடியலையே!"

"சீசன்ல தண்ணி விழுததுதாம்லே நியூஸ். இந்தப் பாட்டை எவன் கேக்குதான்?"

மைக்கைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை.

சரசக்கா போன் செய்தார். "நல்லா இருந்துச்சு தம்பி. வீட்டுல எல்லாரும் கேட்டாவ." பிறகு மெதுவாக, "பல்லவி என்கூடப் பாடுனவரு குரலுல்லா. நான் சரணத்துலதான் வருவேன்" என்றார்.