மணாலி மூடுபனியில் ஒரு பதில் குரல்

என் ஆசை மேரி அக்காவுக்கு,

போயிட்டு வந்துட்டோம் அக்கா! நீயும் நானும் போவதாக இருந்த மணாலிக்கு, உன் இடத்தில் உன் மகள் ஸ்டெல்லாவைக் கூட்டிக்கொண்டு போனேன். "அம்மா இல்லாம எனக்கு இன்னா பனி?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவள்தான். நீ கண்ணை மூடியதிலிருந்து எதைக் கேட்டாலும் தலையைத்தான் ஆட்டுகிறாள். இவளை எப்படிப் பேசவைப்பது என்பதே எனக்குக் கவலை.

கும்மிடிப்பூண்டி இறால் கம்பெனியில், குளிர் அறையில், உன்னோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியவளுக்குப் பனி என்ன புதுசா? எல்லாரும் வெடவெடக்க, நான் நம்ம வழக்கப்படி சாக்ஸ் மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஜம்மென்று நின்றேன். மரவீடுகளும் தேவதாரு மரங்களும் அவ்வளவு அழகு அக்கா. ஆனால் சறுக்குப் பலகையைக் காலில் கட்டியதும் என் வீராப்பெல்லாம் போச்சு. நின்ற இடத்திலேயே விழுந்தேன். நீ இருந்திருந்தால் சிரித்தே என் மானத்தை வாங்கியிருப்பாய், இல்லையா?

ஸ்டெல்லா நன்றாகவே சறுக்கினாள். திடீரென்று மூடுபனி இறங்கியது. சரிவில் போனவளைக் காணோம். கத்த வாயைத் திறந்தேன். அவள் பெயர்கூட வாயில் வரவில்லை. பழகின வார்த்தைதான் வந்தது.

"உள்ள கீறியா?"

குளிர் அறைக்குள் ஒருத்தி பெட்டி அடுக்கும்போது, கதவுக்கு வெளியே நிற்பவள் அடிக்கடி இப்படிக் குரல் கொடுக்கணும், குளிரில் மயங்கிவிடவில்லை என்று தெரிய உள்ளே இருப்பவள் பதில் சொல்லணும். நீ போட்ட சட்டம். வீட்டில் குளியலறைக் கதவைத் தட்டிக்கூட அப்படித்தானே கேட்பாய்?

கீழேயிருந்து கணீரென்று வந்தது பதில்.

"கீறேன் சித்தி, கத்தாத!"

அக்கா, நீ எனக்குச் சொல்லும் அதே பதில், அதே அதட்டல். அழுதுவிட்டேன். மேலே ஏறி வந்தவள் அழுது சிவந்த என் மூக்கைப் பார்த்துச் சிரித்தாள். "அம்மா மாதிரியே கூப்ட்ட சித்தி" என்றாள். அப்புறம் ஓட்டல் போய்ச் சேரும்வரை உன்னைப் பற்றித்தான் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். உனக்குக் கேட்டதா?

இனி தினமும் வேலை முடிந்து கவரைப்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கியதும், உன் வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவேன். அவள் பதில் சொல்லாமல் நகரமாட்டேன், சத்தியம்.

கதவுக்கு வெளியே நிற்கும்
உன் தங்கச்சி,
தேவி