கட்டைவிரல் இடைவெளி

மார்ச் 3, செவ்வாய்

பெட்டி வந்துவிட்டது. நான் வேலை முடிந்து வருவதற்குள் என் மனைவி அதைப் பிரித்துச் சாப்பாட்டு மேஜையில் பரப்பியிருந்தாள். அவள் பைக்குக்குப் புது ஹேண்டில்பார்: இரண்டு கறுப்புக் குழாய்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு வளையம். இதற்குத்தானா இரண்டு மாதமாகத் தவம் கிடந்தாய் என்று கேட்டேன். சிரித்தாள்.

வண்டியோடு வந்த ஹேண்டில்பார் உயரமாம். தெருவில் ஓட்ட அது போதும். ரேஸ் டிராக்கில் வளைவில் சாயும்போது உடம்பு முன்னால் இறங்க வேண்டும், ஆனால் அது ஆளை நிமிர்த்தி உட்கார வைக்கிறது, முன்சக்கரத்தில் பாரம் சேர மாட்டேன் என்கிறது. போன மாதம் ஒரு வளைவில் முன்சக்கரம் லேசாக வழுக்கியதாம். குழம்பில் உப்பு குறைந்ததைச் சொல்வது போல அதைச் சொன்னாள்.

"நீங்களே மாட்டிடுங்க. வேற யார் கையிலயும் குடுக்க மாட்டேன்."

ஆயத்த ஆடை ஆலையில் பதினோரு வருடமாகத் தையல் மிஷின் மெக்கானிக்காக இருக்கிறேன். நூற்றிருபது மிஷின்கள் என்னை நம்பி ஓடுகின்றன. அதனால் நான் எதையும் ஒழுங்காக மாட்டுவேன் என்பது அவள் கணக்கு. கணக்கு டீச்சர் ஆயிற்றே. சைக்கிளில் இறக்கம் வந்தாலே இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறவன் நான் என்பதை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

மார்ச் 4, புதன்

அத்தை போன் செய்தார். மகள் வண்டி ஓட்டுவதைப் பற்றிப் பேச வேறு யாரும் இல்லை அவருக்கு.

"மாப்பிள்ளை, நீங்களாவது சொல்லக்கூடாதா?"

"என் பேச்சைக் கேக்கவா போறா அத்தை?"

"பேச வேணாம். நீங்க மெக்கானிக்தானே. அதுவா ஓடாமப் போற மாதிரி ஏதாவது பண்ணிட முடியாதா?"

இரண்டு பேரும் சிரித்தோம். போனை வைத்த பிறகும் அந்தப் பேச்சு காதில் இருந்தது.

மார்ச் 8, ஞாயிறு

மாட்டியாயிற்று.

காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தேன். அவள் மாடியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பழைய பாரைக் கழற்றி, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களில் புது வளையங்களை ஏற்றி, பிரேக், கிளட்ச், ஆக்ஸிலேட்டர் எல்லாவற்றையும் இடம் மாற்றினேன். எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பினேன். கேபிள் எங்கேயும் இழுக்கவில்லை, சத்தம் ஏறவில்லை. நல்ல வேலை. நானே சொல்லிக்கொண்டால்தான் உண்டு.

கடைசியாகக் கோணம். கூட வந்த தாளில் போட்டிருந்தபடி வைத்தேன். முழுக்கத் திருப்பினாலும் கைப்பிடிக்கும் பெட்ரோல் டேங்குக்கும் நடுவில் மூன்று விரல் சேர்ந்தாற்போல நுழைந்தன. போல்ட்டை இறுக்கினால் வேலை முடிந்தது.

இறுக்கவில்லை. ஏன் இறுக்கவில்லை? எழுதித்தான் ஆக வேண்டும், இதை யாரிடம் சொல்ல முடியும்.

இரண்டு பிடியையும் டேங்க் பக்கமாக, உள்ளே, கொஞ்சம் திருப்பினேன். அப்படி இருந்தால் மணிக்கட்டு மடங்கும். அரை மணி நேரத்தில் வலி எடுக்கும். இரண்டு தடவை டிராக்குக்குப் போவாள், மூன்றாம் தடவை சலித்துப்போகும், அப்புறம் சனிக்கிழமைகளில் வீட்டில் இருப்பாள். அவ்வளவுதான் நான் நினைத்தது. ஆபத்தாக எதுவும் செய்யவில்லை. மறுபடி முழுக்கத் திருப்பி நடுவில் கட்டைவிரலை விட்டுப் பார்த்தேன். நுழைந்தது. அதற்குப் பிறகுதான் இறுக்கினேன் — அளவு காட்டும் ரெஞ்ச் வைத்து, ஒவ்வொரு போல்ட்டும் சரியான அளவுக்கு. ஒரு தப்பை இவ்வளவு ஒழுங்காகச் செய்தவன் நானாகத்தான் இருப்பேன்.

மார்ச் 9, திங்கள்

அவள் உட்கார்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீங்க மாட்டினா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

மார்ச் 12, வியாழன்

இன்று உட்கார்ந்தாள். கையை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"கொஞ்சம் உள்ள வந்த மாதிரி இல்ல?"

"புதுசுல்ல. பழகிடும்."

வாய் கூசாமல் சொன்னேன். சனிக்கிழமை டிராக். இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, இரண்டு போல்ட், ஐந்து நிமிட வேலை. நாளைக்கு மாற்றிவிடலாம்.

மார்ச் 13, வெள்ளி

மாற்றவில்லை.

மார்ச் 14, சனி

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலை ஆறரைக்கு வேன் வந்தது. வண்டியை நானே தள்ளி ஏற்றினேன். உதவி இல்லை அது. அவள் ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்துவிடக் கூடாதே என்றுதான். கையாட்டிவிட்டுப் போனாள். நான் ஆலைக்குப் போனேன், இன்று எனக்கு அரை நாள் வேலை.

பத்து மணி இருக்கும். நாற்பதாம் மிஷினில் உட்காரும் அக்கா "ஐயோ" என்றார். ஓடினேன். அவர் விரலில் கட்டுப் போட்டிருந்தார், வீட்டில் கத்தி பட்டதாம். அந்தக் கட்டு ஊசிக்கு முன்னால் இருக்கும் தடுப்புக் கம்பிக்கு அடியில் சிக்கிக்கொண்டது. மிஷினை நிறுத்தி விரலை எடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை.

"என்ன தம்பி, கம்பிய இப்படி வச்சிருக்கீங்க?"

"வெறும் விரலுக்கு வச்ச அளவு இது, அக்கா. கட்டோட எப்படிப் போகும்?"

சொல்லி முடித்ததும்தான் உறைத்தது. வெறும் விரல். நான் கட்டைவிரலை விட்டுப் பார்த்தது வெறுங்கையோடு. அவள் போடுகிற கையுறை? தடித்த தோல், கட்டைவிரல் பக்கம் பஞ்சு வைத்துத் தைத்தது, என் விரலைப் போல ஒன்றரை மடங்கு. அது நுழையாது. முன்சக்கரம் வழுக்கினால் ஹேண்டில் தானாக இரண்டு பக்கமும் அடித்துக்கொள்ளும் என்று அவளே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்! அந்த நேரத்தில் விரல் மாட்டிக்கொண்டால்? கைய எடுக்க முடியுமா? எப்படிடா எடுப்பா?

போன் அடித்தேன். எடுக்கவில்லை, ஓட்டப் போகும்போது பெட்டியில் பூட்டிவிடுவாள். சூப்பர்வைசரிடம் என்ன சொன்னேனோ ஞாபகம் இல்லை. வாடகைக் கார் பிடித்தேன். நாற்பது நிமிடம். வழியில் ஒவ்வொரு சிக்னலையும் திட்டினேன்.

உள்ளே போகும்போதே சத்தம் கேட்டது. அவள் டிராக்கில் இருந்தாள். முப்பத்தாறாம் நம்பர். கொடிகளோடு மஞ்சள் ஜாக்கெட்டில் ஒரு அம்மா நின்றிருந்தார்.

"இன்னும் எட்டு நிமிஷத்துல எல்லாரும் உள்ள வந்துடுவாங்க சார். நில்லுங்க."

"நிக்க முடியாதும்மா. முப்பத்தாற நிறுத்துங்க, வண்டியில தப்பு இருக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் பண்ணேன்."

ஒரு முறை என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாக்கி-டாக்கியில் பேசினார். உள்ளே வரச் சொல்லும் கறுப்புக் கொடியை நீட்டினார், பக்கத்தில் நம்பர் பலகை. அவள் வந்தாள் — கொடியைப் பார்க்காமல் போய்விட்டாள். இன்னும் ஒரு முழுச் சுற்று. இரண்டு நிமிடம்கூட இருக்காது. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் சத்தம் குறைவதையும் ஏறுவதையும் கேட்டுக்கொண்டு நின்றேன். ஒரு வளைவில் சத்தம் குறைந்தது, ஏறவே இல்லை. செத்தேன் என்று நினைத்தேன். அப்புறம் ஏறியது.

அடுத்த முறை கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். நடக்கிற வேகம்தான். என்னைப் பார்த்ததும் என் பக்கமாக வலப்புறம் முழுக்கத் திருப்பினாள். திருப்பிய ஹேண்டில் திரும்பி வரவில்லை. வலது கட்டைவிரல் டேங்கில் மாட்டிக்கொண்டது, ஆக்ஸிலேட்டர் கை அது, எஞ்சின் ஒரு கத்துக் கத்தியது, வண்டியோடு என் காலடியில் விழுந்தாள்.

தூக்கினோம். விரல் வீங்கியிருந்தது, வேறு எதுவும் இல்லை. காலையில் டிராக்கில் வண்டிகளைச் சோதித்தவர் ஹேண்டிலைத் திருப்பி விரலை விட்டுப் பார்த்தாராம். அவரும் வெறுங்கையோடுதான்.

"யாரு என்னை நிறுத்தச் சொன்னது?"

"நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளே திருப்பியது, மணிக்கட்டு வலி, சலித்துப்போகும் என்று நினைத்தது. அங்கேயே, அத்தனை பேர் முன்னால். வேனில் வரும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"உள்ள ஓட்டும்போது வழுக்கியிருந்தா?"

 

மார்ச் 16, திங்கள்

நகம் கறுத்துவிட்டது. சாக்பீஸ் பிடிக்க முடியாமல் இடது கையால் எழுதினாளாம். என்னிடம் சொல்லவில்லை, அத்தையிடம் போனில் சொன்னதைக் கேட்டேன். அப்புறம் அத்தை என்னிடம் பேசினார்: "நான் விளையாட்டுக்குச் சொன்னேன் மாப்பிள்ளை."

மார்ச் 19, வியாழன்

இன்றுதான் பேசினாள். துணி மடித்துக்கொண்டிருந்தோம், அவள் ஒரு கையால்.

"போக வேணாம்னு நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா விட்டிருப்பியா?"

"மாட்டேன். ஆனா உங்களுக்குப் பயம்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"அது ஊருக்கே தெரியுமே."

"நீங்க கிண்டல் பண்ணித்தான் கேட்டிருக்கேன். பயமா இருக்குன்னு ஒரு தடவ சொன்னதில்ல."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட இல்லை.

ஒரு சட்டையை மடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கும் பயம்தான். அந்த வளைவுல வழுக்கினதுல இருந்து. அதுக்குத்தானே இத வாங்கினேன்."

நான் எழுந்து பின்பக்கம் போய் நின்றேன். அவள் பயத்துக்கு வாங்கிய மருந்தை நான் அவளுக்கே விஷமாக மாட்டியிருக்கிறேன். அசிங்கமாக அழுதேன்.

மார்ச் 29, ஞாயிறு

போல்ட்டை அவளே தளர்த்தினாள். தாளை வைத்துக்கொண்டு கோணத்தை அவளே வைத்தாள். நான் ரெஞ்சை நீட்டினேன்.

"நீங்க இறுக்க வேணாம். அளவ மட்டும் படிங்க."

படித்தேன். இறுக்கி முடித்து, தன் வலது கையுறையைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். என் கைக்கு அது பத்தாது. கட்டைவிரலை மட்டும் எப்படியோ நுழைத்தேன்.

"டேங்குக்கும் பிடிக்கும் நடுவுல வைங்க."

வைத்தேன். அவள் ஹேண்டிலை முழுக்கத் திருப்பினாள், மெதுவாக இல்லை. விரலுக்கு இரண்டு பக்கமும் இடம் இருந்தது. இடது பக்கமும் அதேபோல. "சரி" என்றாள். கையுறையை வாங்கிக்கொண்டு போனாள்.

ஏப்ரல் 9, வியாழன்

கிளட்ச் கேபிள் தளர்ந்திருக்கிறது. "பாத்துடுங்க" என்று சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அரை மணி நேர வேலைக்கு இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 11, சனி

லீவு போட்டுவிட்டுக் கூடவே போனேன். மஞ்சள் ஜாக்கெட் அம்மா என்னைப் பார்த்ததும் "இன்னிக்கு என்ன பண்ணி வச்சிருக்கீங்க சார்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழி?

வண்டியை இறக்கினேன். முன்பெல்லாம் நான் தொட்டு வைத்த வண்டியில் அவள் கண்ணை மூடிக்கொண்டு ஏறிவிடுவாள். இன்று ஏறவில்லை. குனிந்து நான் இறுக்கிய கேபிள் நட்டைத் திருகிப் பார்த்தாள். கிளட்சைப் பத்து தடவை பிடித்து விட்டாள். கையுறையைப் போட்டுக்கொண்டு ஹேண்டிலை முழுக்க இடது, முழுக்க வலது. அந்தக் கறுத்த நகம் இருக்கும் விரலால் இடைவெளியைத் தடவிப் பார்த்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் செய்தாள். எனக்கு வலித்தது. நியாயமும் அதுதான், எங்கள் ஆலையில் நான் அப்படித்தான் ஒவ்வொரு மிஷினையும் பார்க்கிறேன்.

"எனக்குப் பயமா இருக்கும்மா" என்றேன்.

"தெரியும்" என்றாள். "இங்கயே நில்லுங்க. போயிடாதீங்க."

ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டு போனாள். நான் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவள் ஓட்டிய இருபது நிமிடமும்.